ஆக்டின்: தசையிலிருந்து உட்கருவுக்கு

தசை எவ்வாறு சுருங்குகிறது என்னும் வினாவின் வரலாற்றில், ஹங்கேரியின் செகெட் நகருக்குத் தனியிடம் உண்டு. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில், அந்நகரப் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் குழுவினர் தசைப் புரதங்களை ஆராய்ந்தனர். அரைத்த தசையை உப்புக் கரைசலில் 20 நிமிடம் ஊறவைத்தால் நீர்த்த மையோசின் சாறு கிடைத்தது. 24 மணி நேரம் ஊறவைத்தாலோ மிகக் குழைவான சாறு கிடைத்தது. அதில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூற்றைச் சேர்த்ததும் குழைவு தணிந்தது. இவ்வேறுபாட்டைச் சென்ட்-ஜியார்ஜியும் இலோனா பாங்காவும் செய்முறைப் பிழையென ஒதுக்கவில்லை. மையோசினுடன் கலந்து வந்த மற்றொரு புரதமே அதற்குக் காரணம் என்பதை 1942இல் புருனோ ஸ்ட்ராப் கண்டறிந்தார். மையோசினைச் செயல்படத் தூண்டுவதால் அது ஆக்டின் எனப் பெயர் பெற்றது.

ஆக்டின் தனித்து இயங்குவதில்லை என்பதைப் பின்வந்தோர் உணர்த்தினர். 1946இல் கென்னத் பெய்லி ட்ரோபோமையோசினைக் கண்டறிந்தார். 1960களில் ஜப்பானிய அறிஞர் செட்சுரோ எபாஷி, கால்சியத்துக்கேற்பச் சுருக்கத்தை நெறிப்படுத்தும் ட்ரோபோனினை வெளிப்படுத்தினார். ஆல்ஃபா-ஆக்டினின் ஆக்டின் இழைகளைப் பிணைக்கிறது. கோஃபிலின் அவற்றைத் துண்டிக்கிறது.

உயிரணுவின் உட்கருவிலும் ஆக்டின் தென்பட்டபோது, அது வெளியிலிருந்து கலந்த மாசு என்றே பலர் நெடுங்காலம் கருதினர். ஆக்டின் இழைகளைக் காட்டும் ஃபாலாய்டின் சாயமும் அங்கே பெரிதும் உதவவில்லை. வெப்பத் தாக்கத்துக்கு உள்ளான உயிரணுக்களின் உட்கருவில் ஆக்டின் கோல்கள் தோன்றுகின்றன. அவற்றைக் கோஃபிலின் போர்த்தியிருப்பதால் சாயம் பற்றுவதில்லை. சாயம் காட்டாததை இல்லாதது எனக் கொள்ளலாகாது என்பதை நாம் இங்கு அறிகிறோம். உட்கருவிலுள்ள ஆக்டின், மரபணுக்களின் செயற்பாட்டிலும் பங்கேற்பது இன்று தெளிவாகியுள்ளது.

இவ்வாய்வு நோயுற்ற குழந்தைகளின் வாழ்வையும் தொடுகிறது. பிறவியிலேயே தசை நலிவை உண்டாக்கும் நெமலின் தசைநோய் 1963இல் விவரிக்கப்பட்டது. எலும்புத்தசை ஆக்டினின் மரபணுவில் நேரும் மாற்றங்களும் அதற்குக் காரணமாகலாம் என்பது 1999இல் வெளியாயிற்று. அந்நோயாளருள் சிலருடைய தசை உயிரணுக்களின் உட்கருவிலேயே கோல்கள் காணப்படுகின்றன. மாசென்று ஒதுக்கியிருந்தால், அக்கோல்கள் உணர்த்தும் செய்தி நமக்கு எட்டியிராது.

ஆய்வுக்கூடத்தில் மாணவர் ஒருவர் எதிர்பாராத முடிவைக் கொணரும்போது, அதைத் திருத்தி எழுதச் சொல்வதற்கு முன் ஏன் அவ்வாறு நேர்ந்தது என்று நாம் அவருடன் சேர்ந்து வினவுவோமாக. செகெட் நகரில் ஆக்டின் வெளிப்பட்டதும் அத்தகைய வினாவினாலேயே.