தண்டுவட நீரிற் புற்றுநோய் கண்ட வரலாறு

மூளையையும் தண்டுவடத்தையும் மெல்லிய சவ்வுகள் போர்த்துள்ளன. அச்சவ்வுகளின் இடையே தெளிந்த நீர் நிறைந்திருக்கிறது. வளர்ந்தவர் உடலில் அதன் அளவு ஏறக்குறைய 150 மில்லிலிட்டர். மார்பகம், நுரையீரல் முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்று, சிலரிடத்து இச்சவ்வுகளிலும் பரவுவதுண்டு. நோயாளி உயிரோடிருக்கையிலேயே அதனை அறிவது எங்ஙனம் என்பது மருத்துவர்முன் நெடுங்காலம் நின்ற வினாவாகும்.

1870ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் எபெர்த், நுரையீரற் புற்றால் இறந்த ஒருவரிடம் இப்பரவலைக் கண்டு எழுதினார். அவ்வறிவு இறந்தபின் கிடைத்தது; நோயாளிக்குப் பயன்படவில்லை. 1891இல் கீல் நகர மருத்துவர் குவிங்கே, இடுப்பு முள்ளெலும்புகளின் இடையே ஊசி செலுத்தி நீரை எடுக்கும் முறையை வெளியிட்டார். மூளையில் மிகுந்த நீரின் அழுத்தத்தைத் தணிப்பதே அவர் கருதியது. ஆயினும், அவ்வூசியே பின்னர் நோயறியும் கருவியாயிற்று. 1904இல் பிரெஞ்சு மருத்துவர் துயூஃபூர், அந்நீரிற் புற்று உயிரணுக்களை நுண்ணோக்கியிற் கண்டறிந்தார்.

இத்துடன் வினா தீர்ந்ததோ? இல்லை. 1982இல் நியூயார்க்கு மருத்துவர்கள் இந்நோயுற்ற 90 பேரை ஆராய்ந்து வெளியிட்ட முடிவு சிந்தித்தற்குரியது. முதற்சோதனையில் நூற்றுக்கு 54 பேரிடமே புற்றணுக்கள் காணப்பட்டன. மீண்டும் மீண்டும் எடுத்துப் பார்த்தபோது அவ்வெண்ணிக்கை நூற்றுக்குத் தொண்ணூறை எட்டியது. காரணம் யாது? அணுக்கள் பல சவ்வில் ஒட்டிக்கொள்ளும். சிலவே நீரில் மிதக்கும். எடுத்த நீர் குறைந்தாலோ, ஆய்வு தாமதித்தாலோ அவையும் அகப்படா. பத்து மில்லிலிட்டருக்குக் குறையாத நீரை எடுத்து உடனே ஆய்தல் வேண்டும் என்று 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு வலியுறுத்தியது. இன்று காந்த அதிர்வுப் படமும் துணை நிற்கிறது.

முதுகில் ஊசி ஏற்றினாற் கால் விளங்காமற் போகும் என்றஞ்சுவார் நம்மிடையே உளர். வளர்ந்தவர்க்குத் தண்டுவடம் இடுப்பின் மேற்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசியோ அதற்குக் கீழே செல்கிறது. மூளையில் அழுத்தம் மிகுந்துள்ளதா, குருதி உறையுமா என்பவற்றை மருத்துவர் முன்னரே ஆராய்வர். பின்னர்ச் சிலர்க்குத் தலைவலி வரலாம்.

உலு திராமுக்கு அண்மையில், ஜோகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையிற் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. அத்தகைய இடங்களில் மருத்துவர், "முதல் நீரில் ஒன்றும் இல்லை; இன்னொருமுறை எடுப்போம்" என்றால், நோயாளியின் வீட்டார் அதனை வீண்வேலை என எண்ணுதல் கூடாது. காணவில்லை என்பது வேறு; இல்லை என்பது வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்தமையாலேயே மருத்துவம் வளர்ந்தது.