உட்கார்ந்து பசியாறுதல்

மலேசியத் தமிழில் 'பசியாறுதல்' என்றால் காலை உணவு. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்துத் தமிழ் முஸ்லிம்களும் இச்சொல்லை இதே பொருளில் புழங்குகிறார்கள். ரொட்டி சானாயும் தே தாரேக்கும் போடும் 'மாமாக்' கடைகள் தமிழ் முஸ்லிம்களுடையவை. 'மாமா' என்ற நம் உறவுச்சொல்தான் மலாயில் 'மாமாக்' ஆனது. மலாய்க்காரரும் சீனரும் 'அண்ணே' என்று கூப்பிட்டு ஆர்டர் கொடுப்பது இன்று யாருக்கும் விநோதமாகப் படுவதில்லை.

2024 டிசம்பரில் யுனெஸ்கோ, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் உள்ளிட்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை மானுடத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. சந்தோஷம்தான். ஆனால் சாப்பாட்டைப் பற்றிப் பேசும் அளவுக்கு நாற்காலியைப் பற்றி நாம் பேசுவதில்லை. நாலு நண்பர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அவசரமில்லாமல் ஒரு கிளாஸ் தேநீரோடு இரண்டு மணி நேரம் கதை பேசலாம் என்பது எப்போது, யாருக்குக் கிடைத்தது?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். 1881இல் கோலாலம்பூர் தீயிலும் வெள்ளத்திலும் அழிந்தது. பிறகு ஸ்வெட்டன்ஹாம், பலகையும் அத்தாப்பும் வேண்டாம், செங்கல்லும் ஓடும் வைத்துக் கட்டுங்கள் என்றார். சூளைகள் எழுந்த இடம் செங்கல் வயல் என்ற பொருளில் பிரிக்பீல்ட்ஸ் ஆனது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேக்காகத் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் வந்து குடியேறினார்கள்.

வந்தவர்களில் மிகப் பலர் தனி ஆண்கள். 1931 குடிக்கணக்கெடுப்பிலும் மலாயா இந்தியர்களில் பெண்களைப்போல் இரண்டு மடங்கு ஆண்கள் இருந்தார்கள். வீடும் அடுப்பும் இல்லாதவனுக்குச் சாப்பாட்டுக்கடைதான் வீடு. இன்று வார இறுதியில் வரிசையில் நின்று சாப்பிடும் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அந்த வாழ்க்கை நன்றாகப் பொருந்தியிருக்கும். இலையைக் கழுவ வேண்டாம். எனக்கு முன்னால் இதில் யார் சாப்பிட்டார் என்ற கேள்வியும் எழாது.

அந்தக் கேள்வி சின்ன விஷயமில்லை. கப்பலில் சாதியும் ஏறித்தான் வந்தது. சில தோட்டங்களில் லயத்து வீடுகளே சாதி பார்த்துப் பிரிக்கப்பட்டிருந்தன. ஊரில் நிலைமை இன்னும் மோசம். ரயில் நிலையச் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. பெரியாரின் தொடர்ந்த எதிர்ப்புக்குப் பிறகு 1941இல்தான் அந்தப் பிரிவினை நீங்கியது. 'பிராமணாள்' என்ற பெயர்ப்பலகைக்காக 1957இலும் திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில் மறியல் நடத்த வேண்டியிருந்தது.

அதே 1941இல் கிள்ளான் ரப்பர் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் ஒருவர், தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர்.எச். நாதன். சம்பளத்தைப் பற்றிய கோரிக்கை நமக்குப் புரியும். மற்றவற்றையும் பாருங்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கச் சொல்லக் கூடாது. கள்ளுக்கடைகளை மூட வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக வேண்டும்.

நண்பன் என்னைப் பார்க்க வரட்டும் என்பதை ஒரு தொழிற்சங்கக் கோரிக்கையாக எழுத வேண்டியிருந்தது! கோயிலை விட்டால், தோட்டத்தில் ஆண்கள் கூடி உட்கார இருந்த இடம் கள்ளுக்கடை. குடிக்க வைத்துக் கூலியைத் திரும்பப் பிடுங்கும் இடமாகவும் அது இருந்தது. அதை மூடச் சொன்னவர்கள் கேட்டது, தெளிவாக உட்கார்ந்து பேச ஓர் இடம் என்று நான் வாசிக்கிறேன். பதில் கடுமையாக வந்தது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டுப் படை இறக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் கொல்லப்பட்டனர்.

பிற்பாடு தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது, அந்தக் குடும்பங்களில் பல கிள்ளான் பள்ளத்தாக்கின் நகரங்களுக்கு வந்து சேர்ந்தன. ஒட்டுக்கடை பெஞ்சில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது. அங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். யார் என்ன சாதி என்று தேநீர் ஆற்றுபவர் கேட்கவில்லை. இதைச் சமத்துவம் என்று ஒரேயடியாகக் கொண்டாடிவிட முடியாது. வியாபாரத்துக்கு எல்லோரும் வேண்டும். பெண்கள் இரவில் அந்த மேசைகளில் இயல்பாக உட்கார இன்னும் காலம் பிடித்தது. ஆனாலும், துரைக்கு முன்னால் சைக்கிளில் போகவே போராடியவரின் பேரப்பிள்ளை, கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் காலை நீட்டி உட்கார்ந்து "அண்ணே, தே ஓ ஒண்ணு" என்பது வரலாற்றில் சின்ன தூரமல்ல.

இனி, அந்தத் தேநீரைக் கொண்டுவருபவரைப் பார்க்கலாம். பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்த இளைஞர். தனி ஆள். அவருடைய பெர்மிட் ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. 2018இல் மனிதவள அமைச்சர் குலசேகரன், உணவகங்களில் உள்ளூர்ச் சமையல்காரர்கள் மட்டுமே என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கினார். இவர்கள் இல்லாமல் கடை நடக்காது என்பது அப்போதே எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் 1941இன் கேள்வியை இவர்களுக்காக யாரும் கேட்பதில்லை. இவருடைய நண்பர்கள் எங்கே? அவர்களோடு இவர் எந்த மேசையில், எத்தனை மணிக்கு உட்கார்வார்?

நம் மேசையில் ஐந்தாவது நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கிறது. பையை அதில் வைத்திருக்கிறோம்.