பௌர ஹக்குல சங்கமும் அதிலிருந்து பிரிந்தவர்களும்

1985 செப்டம்பர் 3 அன்று நான் வாரங்கலில் இருந்தேன். வங்கி வேலையில் மாற்றலாகிப் போய் ஓராண்டுகூட ஆகவில்லை, தெலுங்கும் அரைகுறைதான். குழந்தை மருத்துவர் ராமநாதத்தை அவருடைய கிளினிக்கிலேயே சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்று செய்தி வந்தது. முந்தைய நாள் நக்சலைட்டுகள் ஒரு சப்-இன்ஸ்பெக்டரைக் கொன்றிருந்தார்கள். அவருடைய இறுதி ஊர்வலத்தில் வந்த போலீஸ்காரர்களே கிளினிக்கில் புகுந்து சுட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஊரும் அப்படித்தான் பேசிக்கொண்டது, ஆனால் தணிந்த குரலில். டாக்டர் செய்த 'தப்பு', ஆந்திரப் பிரதேச சிவில் உரிமைக் குழுவின் துணைத் தலைவராக இருந்தது.

ஹைதராபாத்தில் இருந்த சித்தப்பாவுக்கு விஷயத்தைச் சொன்னபோது, "நமக்கு எதுக்குடா அந்த வம்பு, பிழைக்க வந்த இடத்துல" என்றார். நம்மில் பலர் அப்படித்தான் இருந்தோம். நானும்தான்.

தெலுங்கில் 'பௌர ஹக்குல சங்கம்' என்று அழைக்கப்பட்ட இந்தக் குழு, ஸ்ரீகாகுளம் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு எழுபதுகளின் தொடக்கத்தில் உருவானது. நக்சல்பாரி அலையோடு ஏதோ ஒரு வகையில் உறவு கொண்டவர்கள் அதில் நிறையப் பேர். அதனால்தான் "காட்டில் இருப்பவர்களின் நாட்டுக் கிளை" என்ற பழி அதன்மேல் கடைசி வரை இருந்தது. அதற்கு 1978 முதல் 1994 வரை தலைவராக இருந்த வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான் மதுரையில் பிறந்தவர் என்பது நம் சங்கத்தில் பலருக்குத் தெரியாது. நெருக்கடி நிலையின்போது 1975-இல் கிராயிபள்ளியில் நான்கு பேர் 'என்கவுன்டரில்' இறந்ததாகச் சொல்லப்பட்டதே, அதை விசாரித்த தார்குண்டே குழுவில் ஓடியாடி வேலை செய்தவர் அவர்தான்.

பொதுச்செயலாளர் கே. பாலகோபால் வேறு மாதிரி மனிதர். பிறந்தது பெல்லாரி, படித்தது கணிதம், அதில் டாக்டர் பட்டம். காகதீயப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தவர். 1989-இல் 'பிரஜா பந்து' என்ற பெயரில் இயங்கியவர்கள் அவரைக் கடத்திப் போய்ப் பிறகு விட்டார்கள். ஒவ்வொரு மோதல் சாவுக்கும் கிராமம் கிராமமாகப் போய் விவரம் சேகரித்தவருக்கு, இன்னொரு வகைச் சாவும் கண்ணில் படாமல் இருக்குமா? ஆள்காட்டி என்று சொல்லி நக்சலைட்டுகள் கொன்ற ஏழைகளும் அதே கிராமங்களில்தான் இருந்தார்கள்.

அதைப் பற்றியும் நாம் பேச வேண்டும் என்றார் பாலகோபால். தொண்ணூறுகளில் குழுவுக்குள் இந்த விவாதம் ஆண்டுக்கணக்கில் ஓடியது. எதிர்த்தவர்கள் சொன்னதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சட்டத்தின் பேரில் ஆயுதம் வைத்திருப்பது அரசு. கேள்வியை அதனிடம்தான் கேட்க முடியும். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் அரசுக்குத்தான் வசதி என்பது அவர்கள் கட்சி. ராமநாதத்தை இழந்தவர்கள் வாயிலிருந்து வந்ததால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் எனக்குப் பாலகோபால் சொன்னதே சரி என்று பட்டது, இன்றும் படுகிறது. சாதிக் கொடுமையும் பெண்கள்மீதான கொடுமையும் அரசிடமிருந்து மட்டுமா வருகின்றன என்று அவர் கேட்டதற்கு எதிர்த்தரப்பின் பதில் எனக்கு நிறைவாக இல்லை.

1998-இல் அவரும் பிரிந்து வந்த தோழர்களும் 'மானவ ஹக்குல வேதிக'யைத் தொடங்கினார்கள், அதாவது மனித உரிமை மன்றம். பழைய நண்பர்களில் சிலருக்கு இது துரோகமாகப் பட்டது. போலீசார் மட்டும் அவர்களை நம்பிவிட்டார்களா? அதுவும் இல்லை. தாய்ச் சங்கத்தின் தலையிலும் இடி விழுந்துகொண்டேதான் இருந்தது. 2000 நவம்பரில் புருஷோத்தமும் 2001 பிப்ரவரியில் அஜாம் அலியும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்.

பிரிந்தவர்கள் பகைவர்களாகிவிடவில்லை என்பதையும் இங்கே எழுத வேண்டும். இடையில் சட்டம் படித்து வழக்கறிஞராகியிருந்தார் பாலகோபால். என்கவுன்டர் சாவு ஒவ்வொன்றிலும் கொலை வழக்குப் பதிய வேண்டும், தற்காப்பா இல்லையா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும் என்று 2009 பிப்ரவரியில் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. அது பழைய சங்கத்தின் பெயரில் நடந்த வழக்கு. அதில் கண்ணபிரானும் வாதாடினார், பாலகோபாலும் வாதாடினார். அந்தத் தீர்ப்பு உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பாலகோபால் அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று 57 வயதில் காலமானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் கண்ணபிரானும் போய்விட்டார்.

மன்றம் நின்றுவிடவில்லை. 2007 ஆகஸ்டில் விசாகப்பட்டினம் மாவட்டம் வாகபள்ளியில், தேடுதல் வேட்டைக்கு வந்த போலீசார் தங்களைப் பலாத்காரம் செய்ததாக 11 ஆதிவாசிப் பெண்கள் புகார் கொடுத்தார்கள். அந்த வழக்கின் பின்னால் மன்றம் ஆண்டுக்கணக்கில் அலைந்தது. 2023 ஏப்ரலில் போலீசார் விடுதலையானார்கள். விசாரணை ஒழுங்காக நடக்கவில்லை என்று சொல்லி, அந்தப் பெண்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் நீதிமன்றம் உத்தரவிட்டது. செய்தியைப் பேப்பரில் படித்த அன்று எனக்குச் சித்தப்பா ஞாபகம் வந்தது. அவர் இருந்திருந்தால் அதே வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்.