வதந்தியும் காவலும்: 1923 கான்டோ நிலநடுக்கம்

1923 செப்டம்பர் 1 அன்று, நண்பகலுக்கு இரண்டு நிமிடங்களே இருந்தபோது ஜப்பானின் கான்டோ சமவெளியை உலுக்கிய நிலநடுக்கம், மதிய உணவுக்காக அடுப்புகள் மூட்டப்பட்டிருந்த வேளையில் நேர்ந்தமையால், மரவீடுகள் நெருங்கிய டோக்கியோவிலும் யோகோஹாமாவிலும் பெருந்தீயாக மூண்டு ஏறத்தாழ 1,05,000 உயிர்களைப் பலிகொண்டது. டோக்கியோவின் பெருநகரக் காவல் தலைமையகமும் பெரும்பாலான நாளிதழ் அலுவலகங்களும் எரிந்துபோயின. வானொலி ஒலிபரப்போ அந்நாட்டில் 1925இல்தான் தொடங்கியது. எனவே எது உண்மை என்று அறிய மக்கள் காவலரின் வாயைப் பார்க்க வேண்டியதாயிற்று.

1910 முதல் ஜப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியாவிலிருந்து கூலிவேலைக்கு வந்தவர்கள் கிணறுகளில் நஞ்சிடுகிறார்கள், தீ வைக்கிறார்கள் என்ற வதந்தி அன்று மாலைக்குள்ளாகவே கிளம்பிற்று. அதனை மறுத்திருக்க வேண்டிய உள்துறை அமைச்சகத்தின் காவல் பிரிவே, செப்டம்பர் 3 காலையில் ஃபுனபாஷி கடற்படைக் கம்பியில்லாத் தந்தி நிலையத்தின் வழியாக, கொரியர்கள் தீ வைப்பதாக மாகாணங்களுக்கு அறிவித்தது. பேரிடர்க்காலக் காவல்பணியின் வரலாற்றில் இதனினும் கொடிய பிழையைக் காண்பது அரிது. ‘ஜிகெய்தான்’ எனப்பட்ட குடிமக்களின் தற்காப்புக் குழுக்கள் மூங்கில் ஈட்டிகளோடு வழிமறித்து, பதினைந்து யென் ஐம்பது சென் என்ற தொகையை ஜப்பானிய மொழியில் சொல்லச் சொல்லி, உச்சரிப்புப் பிசகியவர்களைக் கொன்றன. கொல்லப்பட்டோர் ஆயிரக்கணக்கில் இருக்கலாம் என்பது ஆய்வாளர் பலரின் மதிப்பீடு.

காவல் நிலையத்துக்குள் அடைக்கலம் புகுந்தவர்களுக்கும் ஒரே கதி வாய்க்கவில்லை. குன்மா மாகாணத்தின் ஃபுஜியோகாவில் கும்பல் காவல் நிலையத்துக்குள்ளேயே புகுந்து 17 கொரியர்களைக் கொன்றது. யோகோஹாமாவை அடுத்த சுருமியிலோ, நிலையத் தலைவர் ஒகாவா சுனெகிச்சி, சூழ்ந்துநின்ற கூட்டத்தின் முன்னே தாமே நின்று, சுமார் 300 கொரியர்களையும் சீனர்களையும் ஒப்படைக்க மறுத்துக் காத்தார். நஞ்சு கலந்தது என்று கூட்டத்தார் காட்டிய நீரை அவர்கள் கண்ணெதிரே குடித்துக்காட்டினார் என்றும் சொல்லப்படுகிறது. மேலிடத்திலிருந்தே வதந்தி இறங்கிவந்த நாட்களில், கீழ்நிலை அலுவலர் ஒருவர் அதற்கு இடங்கொடாமல் நின்றார் என்பதே இந்நிகழ்வின் பெருமை. அங்குள்ள தோசென்ஜி கோயிலில் 1953இல் கொரியர்கள் அவருக்கு நினைவுக்கல் நாட்டினர்.

பேரிடர்க்காலக் காவல்பணி பின்னாளில் மாறிற்று. 1995 கோபே நிலநடுக்கத்துக்குப் பின், மாகாண எல்லைகளைக் கடந்து விரையும் அவசர மீட்புப் படைகளை ஜப்பானியக் காவல்துறை அமைத்தது. 2011இல் ஆழிப்பேரலை தாக்கிய மியாகி மாகாணத்தில், வெளிநாட்டவர் கொள்ளையடிப்பதாகப் புதிய வதந்திகள் பரவியபோது, 1923இல் போலன்றி, காவல்துறை நிவாரண முகாம்களில் மறுப்புத் துண்டறிக்கைகளை விநியோகித்தது.