பழையனூர் எல்லையும் ஆளில்லா வானூர்தியும்

சென்னையிலிருந்து திருப்பதி செல்லும் பெருவழியில், தன் பெயரிலேயே ஒரு சத்திரத்தின் நினைவைத் தாங்கி நிற்பது கனகம்மாசத்திரம். அதனை அடுத்துள்ள திருவாலங்காடு காரைக்காலம்மையாரால் இலக்கியத்திலும், செப்பேடுகளால் வரலாற்றிலும் இடம்பெற்ற ஊர். அங்கு 1905-இல் கிடைத்த 31 ஏடுகள் முதலாம் இராசேந்திரன் காலத்தவை. அவற்றின் வடமொழிப் பகுதி சோழர் குலமுறையையும் வெற்றிகளையும் புகழ்கிறது. தமிழ்ப் பகுதி, பழையனூர் என்னும் ஊரை அரசன் தன் 6-ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழக் கி.பி. 1018-இல், திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கிய செய்தியை உரைக்கிறது. கங்கைப் படையெடுப்பு அதற்குச் சில ஆண்டு பிற்பட்டது. அச்செய்தி வடமொழிப் பகுதியில் காணப்படுதலின், அப்பகுதி பின்னர் இயற்றிச் சேர்க்கப்பட்டது என்பர் ஆராய்ச்சியாளர்.

கிருட்டிண சாத்திரியார் இவ்வேடுகளைத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் மூன்றாம் தொகுதியில் பதிப்பித்த நாள்முதல், குலமுறையும் படையெடுப்பும் பற்றி எழுதியோர் பலர். தமிழ்ப் பகுதியின் எல்லைக் குறிப்பைப் பொறுமையுடன் படித்தோர் சிலரே. கொடைநிலத்தின் எல்லையை எவ்வாறு வரையறுத்தனர்? பெண்யானை ஒன்றை விட்டு நிலத்தைச் சூழச் செய்தனர். நாட்டார் உடன் நடந்தனர். கல்லும் கள்ளியும் நட்டனர். இது சோழர் சாசனங்கள் பலவற்றிலும் காணப்படும் முறை. யானை நடந்த சுற்றைச் சொல்லால் ஓட்டிச் செல்லும் இவ்வெல்லைக் குறிப்புகளில் அண்டையூர்கள், ஏரிகள், நீர்க்கால்கள், வழிகள், மேடுகள் ஆகியன திசைமுறையில் வரும். இவற்றை வெறும் பெயர் வரிசையாக நோக்குதல் பொருந்தாது. 1,000 ஆண்டுக்கு முற்பட்ட ஒரு நிலப்படத்தை எழுத்தில் வைத்தனர் என்றே கொள்ளல் வேண்டும்.

அப்படத்தில் இன்று எஞ்சியவை எவை? கள்ளி அழிந்திருக்கும், கல் பெயர்க்கப்பட்டிருக்கும். ஏரிக்கரையும் காலும் அத்தன்மையன அல்ல. உழவர்க்கு அவை நாளும் வேண்டப்படுதலின், தலைமுறைதோறும் செப்பனிடப்பட்டு நிற்கும். அரசு மாறினும் மடை இருந்த இடம் எளிதில் மாறாது. ஆதலின் செப்பேட்டெல்லையை நிலத்தில் தேடுவோர் முதற்கண் நோக்கத்தக்கவை நீர்நிலைகளே என்பது நம் கருத்து. ஆனால் தரையில் நின்று நோக்கினால் ஒரு கரை எங்கு வளைகிறது, தூர்ந்த கால் எத்திசையில் ஓடியது என்பன புலப்படுதல் அரிது. மேலிருந்து காண்பார்க்கு அவை ஒருங்கே தோன்றும்.

இவ்வுண்மையை மேலைநாட்டார் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்தனர். இங்கிலாந்தின் தொன்மையான கல்வட்டமாகிய ஸ்டோன்ஹெஞ்சை 1906-இல் படைத்துறையினர் பலூனிலிருந்து நிழற்படம் எடுத்தனர். முதல் உலகப்போருக்குப் பின், கிராபோர்டு என்பார் வானூர்திப் படங்களைக் கொண்டு புதையுண்ட அகழிகளையும் வயல்வரம்புகளையும் அறியும் முறையை வகுத்து, கெய்லர் என்பாருடன் 1928-இல் நூலாக வெளியிட்டார். புதைந்த சுவரின்மேல் மண் ஆழம் குறைவு. அங்குப் பயிர் விரைவில் வாடும். தூர்ந்த அகழியில் ஈரம் மிகுதி. அங்குப் பயிர் செழிக்கும். காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் வெயில், சிறு மேட்டையும் நிழலால் காட்டிக் கொடுக்கும். நம் நஞ்சையில் நீர் நிரம்பி நிற்குங்கால் இவ்வேறுபாடு தோன்றாது. புஞ்சையிலும் அறுவடைக்குப் பிற்பட்ட தரிசிலுமே இம்முறை பயன்படும் என்பதை நினைவிற் கொள்க.

அன்று பெரும்பொருள் செலவிட்டு வானூர்தியில் ஏறிச் செய்த பணியை, மக்கள் டிரோன் என வழங்கும் ஆளில்லாச் சிறு வானூர்தி இன்று எளிதாக்கியுள்ளது. ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு நூற்றுக்கணக்கான படங்களை அஃது எடுக்கும்; கணிப்பொறி அவற்றை இணைத்து மேடுபள்ளத்துடன் கூடிய நிலவுருவை அமைக்கும். தரையில் முன்னரே அளந்து குறித்த சில புள்ளிகள் படத்தில் இருப்பின், அளவும் துல்லியமாகும்.

தமிழகத்தில் இதற்குத் தக்க எடுத்துக்காட்டுக் கங்கைகொண்ட சோழபுரம். திருவாலங்காட்டு வடமொழிப் பகுதி, அரசன் கங்கைநீரால் அமைத்த வெற்றித்தூண் எனச் சோழகங்கம் என்னும் ஏரியைக் குறிக்கிறது. அவ்வேரி இருப்பது அந்நகரத்தின் அருகில்தான். அங்கு மாளிகைமேட்டில் மாநிலத் தொல்லியல் துறையினர் 1980-களிலேயே அகழ்ந்து அரண்மனையின் செங்கற் கட்டடப் பகுதிகளைக் கண்டனர். 2021-இல் மீண்டும் அகழத் தொடங்குமுன், ஆளில்லா வானூர்தியால் நிலத்தை அளந்து குழி தோண்டுமிடத்தை வரையறுத்தனர். 19-ஆம் நூற்றாண்டில் அந்நகரக் கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொள்ளிடத்தின் கீழணைக்குக் கொண்டு சென்றனர். பெயர்க்குமுன் மதில் இருந்த நிலையைக் காட்டும் ஒரு படமேனும் நமக்கில்லை.

கண்டறிதல் ஒருபால் இருக்க, காத்தற்கும் இக்கருவி உதவும். ஜோர்தான் நாட்டில் சாக்கடலுக்குத் தெற்கே ஃபிபா என்னுமிடத்தில் 5,000 ஆண்டுக்கு முற்பட்ட இடுகாடு ஒன்று உளது. கலங்களை விற்பதற்காகக் கல்லறைகளைத் தோண்டியோர் அதனைக் குழிமயமாக்கினர். ஆய்வாளர் 2013 முதல் அதன்மேல் வானூர்தியை மீண்டும் மீண்டும் பறக்கவிட்டு, முற்படத்தையும் பிற்படத்தையும் ஒப்பிட்டுப் புதிய குழிகளைக் கணக்கிட்டனர். ஒரு முறை எடுத்த படம் அழகுக்கு உதவலாம். காவலுக்கு உதவுவது மீண்டும் எடுத்த படமே.

நம் பகுதியில் கல்லறைத் திருட்டினும் பெரிய அச்சம் மண்ணெடுத்தலும் மனைப்பிரிவுமாகும். சவுடு எடுக்கும் எந்திரம் ஒரே நாளில் ஒரு மேட்டைச் சமன் செய்துவிடும். பெருவழியை ஒட்டிய வயல் வீட்டுமனையாகுங்கால், அதன் ஊடே சென்ற கால் முதலில் தூர்க்கப்படும். நினைவுச் சின்னம் என நடுவணரசு அறிவித்த இடத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை இசைவு பெறல் வேண்டுமென்றும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2010 திருத்தம் விதிக்கிறது. அறிவிக்கப்படாத ஏரிக்கரைக்கு அவ்வேலி இல்லை. அது மறைந்தபின் செப்பேட்டெல்லையை எதனோடு ஒப்பிடுவது?

கருவியின் எல்லையையும் கூறுதல் முறை. இதே திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் புரூசு பூட்டும் கிங்கும் 1863-இல் கற்கருவிகளைக் கண்டனர். அவ்விடத்துத் தொன்மையை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு எனச் சாந்தி பப்பு குழுவினர் 2011-இல் நிறுவினர். சரளைக்கிடையே கிடக்கும் ஒரு கைக்கோடரி, வானூர்திக்கு மற்றுமொரு கல்லே. நீர் அரித்த ஓடையையும், சரளை வெளிப்பட்ட பரப்பையும், அங்குப் புதிதாக விழுந்த பள்ளத்தையும் அது காட்டும். கல்லை இன்ன கருவியென உணர்த்தக் கண்பழகிய ஆய்வாளர் நடந்துதான் ஆதல் வேண்டும். அவ்வாறே, ஏரியின் பெயரையும் அது சொல்லாது. எந்தக் கரை பழையனூர் எல்லையைச் சார்ந்தது என அறிய ஏட்டைப் படித்தவர் உடனிருத்தல் வேண்டும். இப்பணி பொறியியலார்க்கே உரியதெனத் தமிழ்த் துறைகள் ஒதுங்கி நிற்பதை நாம் ஏற்பதற்கில்லை.

செய்முறை எளிது. முதலில் எல்லைக் குறிப்பின் பெயர்களைப் பிரித்தெழுதி, இக்காலக் கிராம வரைபடத்திலும் புல எண் பதிவேட்டிலும் ஒப்பிடல். பின்னர் ஊர்ப் பெரியவர்களிடம் வயல், மடை, மேடு ஆகியவற்றின் வழக்குப் பெயர்களைக் கேட்டு நடத்தல். அதன் பின்னரே பறக்கவிடல். 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆதலின் பழைய நிலப் பதிவுகளைத் தேடுவோர் சித்தூர் மாவட்டத்து ஆவணங்களையும் நோக்குதல் வேண்டும். எல்லைப் போராட்டம் கண்ட மண்ணில் எல்லை ஆவணம் இரு மாநிலத்தில் சிதறிக் கிடப்பது வியப்பன்று.

அரக்கோணத்தில் 1992 முதல் கடற்படையின் இராசாளி வானூர்தித் தளம் இயங்கி வருதலின், 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி வான்பரப்பு வரைபடத்தைப் பார்த்து, வேண்டுமிடத்து இசைவு பெற்ற பின்னரே இங்குப் பறக்கவிடல் வேண்டும். பருவம் பங்குனியும் சித்திரையும். அப்போது ஏரி வற்றியிருக்கும். கரையின் அடி தெரியும். வயல் தரிசாகக் கிடக்கும். முதலாண்டுப் பறத்தலில் பழையனூரைச் சூழ்ந்த ஏரிக்கரைகளையும் கால்களையும் மட்டும் படமெடுத்து, மறுபங்குனியில் அதே வழியில், அதே உயரத்தில் மீண்டும் எடுத்தல் வேண்டும்.