தனியூர்

உத்திரமேரூர் இன்று பேரூராட்சி. ஊர் வாயில் டவுன் பஞ்சாயத்து. அதற்கு மேல்படி நகராட்சி, அதற்கும் மேலே மாநகராட்சி. பக்கத்துக் காஞ்சிபுரம் 2021இல் மாநகராட்சியாகிவிட்டது. இந்த ஏணியையே பார்த்துப் பழகியதால், ஊர் பெருத்தால்தான் அதற்குத் தனி ஆட்சி வரும் என்று நினைத்துக்கொள்கிறோம். பழஞ்சொற்கள் வேறு கணக்குச் சொல்கின்றன. சங்கத் தமிழில் ‘நகர்’ என்பது மாளிகையையும் கோயிலையும்கூடக் குறித்தது. சோழர் கல்வெட்டுகளில் ‘நகரம்’ என்றால் வணிகர் சபை. அந்தப் பொருள் ‘நகரத்தார்’ என்ற பெயரில் இன்னும் பிழைத்திருக்கிறது. ‘ஊர்’ என்பதும் குடியிருப்புக்கு மட்டுமல்ல, வேளாண் ஊரின் சபைக்கும் பெயர். அளவைச் சொல்லும் சொற்களல்ல இவை. யார் கூடி முடிவெடுத்தார்கள் என்பதைச் சொல்பவை. ஓர் ஊர் தனக்கென ஓர் ஆட்சி அலகாக ஆவதற்கு நிகரான பழைய சொல் வேண்டுமென்றால் ‘தனியூர்’ என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தொண்டை மண்டலத்தில் ஊர் நாட்டுக்குள்ளும் நாடு கோட்டத்துக்குள்ளும் அடங்கும். உத்திரமேரூரின் பழைய பெயரான உத்தரமேருச் சதுர்வேதிமங்கலமோ காலியூர்க் கோட்டத்துக்குள் இருந்தும் நாடு எதிலும் சேராமல் ‘தன் கூற்று’ என்றே கல்வெட்டில் வருகிறது. அதாவது, தானே ஒரு பிரிவு. இத்தகைய ஊர்களுக்கே தனியூர் என்ற பெயர் நிலைத்தது. அந்தத் தனிமை வெறும் பட்டமல்ல என்பதை வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது வார்டுகளிலிருந்து, சபையின் வாரியங்களுக்குக் குடவோலை வழி ஆண்டுதோறும் ஆள் எடுத்தார்கள்: சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பொன்னைக் கவனிக்கத் தனி வாரியம். பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் பெயர் மட்டுமல்ல, அவருடைய உறவினர் பெயரும் குடத்தில் விழக் கூடாது. (இந்த ஒரு விதியை இன்று கொண்டுவந்தால் பல வார்டுகளில் வேட்பாளர் பஞ்சம் வரும்.)

இதை மக்களாட்சி என்று புகழ்வதற்கு மறுப்பு உண்டு. அது நியாயமான மறுப்பு. இறையிறுக்கும் நிலம் கால் வேலிக்கு மேல், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது என்ற தகுதிகள் ஊரில் பெரும்பாலோரை வெளியே நிறுத்தின. அரசனுடைய ஆளும் உடனிருந்தே அந்த விதி எழுதப்பட்டது. ஆகவே அந்தச் சபையை முன்மாதிரியாக்க நான் வரவில்லை. பெண்களும் தலித்துகளும் இடஒதுக்கீட்டில் உட்காரும் இன்றைய மன்றம் அதைவிட எவ்வளவோ மேல். என் வாதம் சபையில் யார் இருந்தார் என்பதைப் பற்றியதல்ல, சபையின் கையில் என்ன இருந்தது என்பதைப் பற்றியது.

இன்றைய ஏணிக்குத் திரும்புவோம். ‘பேரூர்’ பழைய சொல்தான். சங்க நூல்களிலேயே உண்டு. ‘ஆட்சி’ ஒட்டிய பிறகு அது சர்க்கார் கொடுக்கும் தரமாயிற்று. 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஐயாயிரம் மக்கள்தொகையும் பத்தாயிரம் ரூபாய் ஆண்டு வருமானமும் இருந்தால் டவுன் பஞ்சாயத்து என்றது. 2004இல் 561 பேரூராட்சிகள் ஓர் அரசாணையில் சிறப்புச் சிற்றூராட்சிகளாயின. 2006இல் இன்னோர் ஆணையில் பழையபடி பேரூராட்சிகளாயின. இடையில் எந்த ஊரும் சுருங்கவுமில்லை, பெருக்கவுமில்லை. கிராமத்துக்கான நிதி எந்தக் கணக்கில் வரும் என்பதே அங்கே கேள்வி. மக்கள்தொகை கூடும்போது சாக்கடை, குப்பை, குடிநீர் வேலைகள் கூடுகின்றன, அதற்குத் தரம் பிரித்துத்தானே ஆகவேண்டும் என்று கேட்கலாம். ஆகவேண்டும். ஆனால் தரம் ஏறும்போது அதிகாரமும் ஏறுகிறதா? சட்டப்படி கிராம சபை சிற்றூராட்சிக்கே உரியது. சபையால் பெயர்பெற்ற உத்திரமேரூர் பேரூராட்சி என்பதால் அங்கே கிராம சபை கிடையாது. பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் எனப்பட்ட பெரிய ஏரி இன்று நீர்வளத் துறையிடம் இருக்கிறது. அறுவர் வாரியம் கவனித்த அந்த ஏரியின் மதகை எப்போது திறப்பது என்று முடிவெடுக்கும் உரிமை, நாளைக்கே உத்திரமேரூரை நகராட்சி என்று அறிவித்தாலும், அதன் மன்றத்துக்கு வரப்போவதில்லை.