திருவிழாப் பொருளீட்டும் தொண்டு

ஊர்த்திருவிழா என்பது தெய்வ வழிபாட்டிற்கு மாத்திரம் ஏற்பட்டதன்று. ஊரார் ஒருங்குகூடிப் பொதுப்பொருள் சேர்க்கவும், அதனைப் பொதுக்காரியத்திற் செலவிடவும் பழகிய இடமும் அதுவே. உற்சவத்தின் சிறப்பைப் பேசுவோர் பலர். அதற்குரிய பொருளை வீடுவீடாய்ச் சென்று ஈட்டுந் தொண்டரைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆதலின் அத்தொண்டின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் அறியுமாறு ஈண்டுச் சுருக்கி உரைப்போம்.

இவ்வழக்கம் நேற்று இன்று தோன்றியதன்று. உழவர் பெருங்கூட்டமாகிய சித்திரமேழிப் பெரியநாட்டாரும், வணிகர் குழுவாகிய திசையாயிரத்து ஐந்நூற்றுவரும் தாமே கூடித் தம் விளைவிலும் சரக்கிலும் ஒரு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்கியமை கல்வெட்டுக்களால் விளங்கும். பிரான்மலையிலுள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சாசனம், உப்பு, நெல், பாக்கு, மிளகு முதலிய சரக்குகளுக்குப் பொதிக்கு இவ்வளவென வரையறுத்துள்ளது. அரசன் ஆணையின்றித் தம்மைத் தாமே விதித்துக்கொண்ட இவ்வரியே பிற்காலத்து மகமைக்கு முன்னோடி எனலாம்.

நம் கொங்கு நாட்டில் இத்தொண்டு பல வடிவங்களில் நிலைபெற்றுள்ளது. குடும்பத்திற்கு இவ்வளவென ஊர்க்கூட்டத்தில் முடிவுசெய்து வாங்குவது தலைக்கட்டு வரி. பொருளாகவே செலுத்துவதும் உண்டு. சத்தியமங்கலத்தை அடுத்த பண்ணாரியில் பங்குனிக் குண்டத்திற்கு வேண்டும் விறகினை ‘எரிகரும்பு’ என்று போற்றி அன்பர்கள் கொணர்ந்து சேர்க்கின்றனர். குண்டத்திற்கு முன்னரே அம்மன் சப்பரம் சுற்றுவட்டாரத்து ஊர்தோறும் சென்று வருவதால், கோயிலுக்கு வரவியலாத முதியோரும் தம் வாயிலிலேயே காணிக்கை செலுத்தும் பேறு பெறுகின்றனர்.

இவையனைத்தினும் நம் சிந்தையைக் கவர்வது மாரியம்மன் நோன்பில் பெண்மணிகள் எடுக்கும் மடிப்பிச்சையே. மஞ்சளாடை உடுத்து, முந்தானையை ஏந்தி, வீடுதோறும் தானியமோ காசோ பெற்று அம்மனுக்குச் சேர்ப்பர். செல்வக் குடும்பத்து மாதரும் இதனை மேற்கொள்வர். தமக்கென்று ஒருபோதும் கையேந்தாதார் பிறர்பொருட்டுக் கையேந்துமிடத்துத் தன்முனைப்பு தானே தேய்கிறது. பொருளீட்டும் தொண்டர்க்கு வேண்டும் முதற்குணம் இதுவேயன்றோ? ஆயினும் இப்பெண்மணிகளுக்கு வரவுசெலவுக் கூட்டத்தில் இருக்கை அளிக்கும் ஊர்கள் எத்துணை என்பதை நாமே எண்ணிப் பார்த்தல் தகும்.

இவ்வாறு சேர்ந்த பொருள் கோயிலளவில் நில்லாமற் கல்விக்கும் பாய்ந்ததுண்டு. விருதுநகர் நாடார் சமூகத்தார் மகமைப் பணத்தைக்கொண்டு 1889-இல் க்ஷத்திரிய வித்தியாசாலையை நிறுவினர். வீடுகளிற் சேர்த்த பிடியரிசியும் அதற்கு உதவிற்று. 1903-இற் பிறந்த காமராசர் பயின்ற பள்ளி அதுவே. ஒரு பிடி அரிசியின் பயன் எங்குச் சென்று முடிந்ததென்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதின்று.

இனி ஒன்று சொல்லாமல் விடுவதற்கில்லை. 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் காந்தியடிகள் தீண்டாமை ஒழிப்பிற்காகக் கோயமுத்தூர்ப் பகுதியிற் சுற்றி நிதி திரட்டினார். சுற்றுப்பயணம் நெடுகிலும் மாதர் கழற்றித் தந்த நகைகளைக் கூட்டத்திலேயே ஏலமிட்டுப் பொருளாக்குவது அவர் வழக்கம். 1947-இற் சென்னை மாகாண ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிற்று. இருந்தும் சிற்சில ஊர்களில் ஒடுக்கப்பட்ட சமூகத்தாரிடம் திருவிழா வரி பெற மறுக்கும் வழக்கம் இன்றளவும் முற்றும் ஒழிந்தபாடில்லை. வரி பெறாமை சலுகையன்று. வரி கொடுத்தவனுக்கே தேர்வடத்திலும் கூட்டத்திலும் உரிமையுண்டு என்பது ஊர் வழக்கமாதலின், வரியை மறுப்பது உரிமையை மறுப்பதேயாகும். ஊர் கூடித் தேர் இழுப்பதென்றால், ஊரில் ஒரு பகுதியை விலக்கியபின் கூடியது எவ்வூர்?

ஆகவே வசூலுக்குப் புறப்படும் நம் இளைஞர் நான்கினைக் கடைப்பிடிப்பாராக. கொடுப்போர் யாவரிடத்தும் வேற்றுமையின்றிப் பெறுக. பெற்ற காசுக்கு, அது சிறிதாயினும், அப்போதே ரசீது தருக. உற்சவம் முடிந்தவுடன் பெண்மணிகளும் அமர்ந்துள்ள கூட்டத்தில் வரவுசெலவைப் படித்துக் காட்டுக. வாணவேடிக்கையிற் சுருக்கி, மிச்சத்தை ஏழை மாணாக்கரின் கல்விக்கு ஒதுக்குக. அங்ஙனஞ் செய்யின், அடுத்த ஆண்டு தொண்டர் படியேறுமுன்னரே கொடுப்போர் வாயிலில் வந்து நிற்பர்.